லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை தகராறு: எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

உங்கள் கேள்வி இது: லேப்டாப்பில் உபுண்டு, சமீபத்தில் ஒரு பெரிய அப்டேட் போட்டீர்கள், அதிலிருந்து சில நாள் வைஃபை வருகிறது, சில நாள் பட்டியலே காலியாக இருக்கிறது, இணைந்தாலும் கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறது, போனில் அதே ரவுட்டர் ஒழுங்காக ஓடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். மறுபடி இன்ஸ்டால் செய்து அப்டேட் போட்டால் அதே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அதே டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் நிரல்), அதே ஃபர்ம்வேர்தான் (கார்டுக்குள்ளேயே ஓடுகிற நிரல்) திரும்ப வந்து உட்காரும், உங்கள் ஒரு நாள் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும். அதேபோல, தேடினால் கிடைக்கிற கட்டளைகளை ஒவ்வொன்றாக டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பதும் வேண்டாம். இன்டெல் கார்டுக்கு எழுதிய தீர்வு ரியல்டெக் கார்டில் எதையும் செய்யாது, ஆனால் அது போட்டுவிட்டுப் போகிற செட்டிங் கோப்பு அங்கேயே கிடக்கும். ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பிரச்சினை வரும்போது எது யார் போட்டது என்றே தெரியாமல் போகும். வைஃபை என்பது ஒரே ஒரு விஷயம் இல்லை. கார்டு தெரிய வேண்டும், டிரைவர் ஏற வேண்டும், ஃபர்ம்வேர் ஏற வேண்டும், ரேடியோ திறந்திருக்க வேண்டும், நெட்வொர்க் கண்ணில் பட வேண்டும், பாஸ்வேர்டு ஒத்துப்போக வேண்டும், ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி கிடைக்க வேண்டும், தளத்தின் பெயர் முகவரியாக மாற வேண்டும் (இதுதான் டிஎன்எஸ்). இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்கிற எதுவும் குத்துமதிப்புதான்.

ஆரம்பிப்பதற்கு முன் லேப்டாப்புக்கு ஏதாவது ஒரு இணைப்பு கொடுத்துவிடுங்கள். லேன் கேபிள் இருந்தால் நல்லது, இல்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு சாதாரண லேன் கார்டு போல எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் தேவைப்படாது. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இணைந்திருந்தால் அந்த இணைப்பையே லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். இது தெரியாமலேயே பலர் பேக்கேஜ்களை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

முதல் கட்டளை எல்எஸ்பிசிஐ. அதோடு -என்என்கே என்ற மூன்று எழுத்தைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் எண்ணும், எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்பதும் வரும். பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று இருக்கிற பகுதியைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் எட்டு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் ஏதெராஸ். பெட்டியின் மேல் எழுதியிருக்கிற லேப்டாப் மாடல் பெயரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான கார்டுகள் போட்டு விற்பது சகஜம். இந்த எட்டு இலக்கம்தான் உங்கள் கார்டின் உண்மையான அடையாளம், இனிமேல் எதைத் தேடினாலும் அதை வைத்துத் தேடுங்கள். யுஎஸ்பியில் செருகுகிற டாங்கிள் என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை. சில டாங்கிள்கள் செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால். அதை வைஃபை சாதனமாக மாற்ற யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜ் இருக்கிறது.

கார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் டிரைவரைத் தேடிப் பயனில்லை. "சில நாள் வருகிறது சில நாள் வரவில்லை" என்று சொன்னீர்களே, வராத நாளில் இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், முக்கியம். பட்டியலில் கார்டு இல்லாவிட்டால் லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்வது இதற்குச் சமம் இல்லை, ரீஸ்டார்ட்டில் கார்டுக்கு மின்சாரம் பெரும்பாலும் நிற்பதில்லை, மாட்டிக்கொண்ட நிலையிலேயே அது மறுபடி எழலாம். பக்கத்தில் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் ஷட்டவுன் என்பது உண்மையில் அரைத்தூக்கம்தான். கார்டை ஒரு வித நிலையில் விட்டுவிட்டுப் போகும், அடுத்து ஏறுகிற லினக்ஸால் அதை எழுப்ப முடியாமல் போகலாம். விண்டோஸுக்குப் போய்விட்டு வந்த நாட்களில்தான் உங்களுக்குக் கோளாறு வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கார்டு தெரிகிறது, ஆனால் "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லை என்றால், டிரைவர் ஏறவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனால் இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, உங்கள் டிரைவர் கெர்னலோடு வருவது இல்லை, வெளியிலிருந்து போட்டது. கெர்னல் மாறும்போது அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், ஆனால் புதிய கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இல்லையென்றால் அதனால் செய்ய முடியாது. பிராட்காமின் டபிள்யூஎல் டிரைவர் இந்த வகை. அந்த நிறுவனம் 2015க்குப் பிறகு புதிய பதிப்பு தரவில்லை, டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்) ஆட்கள் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு புதிய கெர்னலிலும் உடைய வாய்ப்பு உண்டு. இரண்டாவது, செக்யூர் பூட். அது ஆனில் இருந்தால் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. மோட்புரோப் கட்டளையால் டிரைவரை ஏற்ற முயன்றால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று திருப்பி அனுப்பும். இதற்காகச் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும் என்று இல்லை. வெளி டிரைவர் போடும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும், அதில் என்ரோல் என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. பலர் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து கன்டின்யூ அழுத்திவிடுகிறார்கள், அதோடு டிரைவர் நின்றுவிடுகிறது.

டிரைவர் ஏறியும் வேலை செய்யவில்லை என்றால் அடுத்து ஃபர்ம்வேர். இங்கே கெர்னல் லாக் பேசும். ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு -கே -பி சேர்த்து ஓட்டினால் இந்தத் தடவை பூட் ஆனதிலிருந்து கெர்னல் சொன்னதெல்லாம் வரும், அதில் டிரைவர் பெயரைத் தேடுங்கள். இன்டெல் என்றால் ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக் என்றால் பெரும்பாலும் ஆர்டிடபிள்யூ88 அல்லது ஆர்டிடபிள்யூ89, மீடியாடெக் என்றால் எம்டி7921இ போல ஒன்று. "ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்ட் வித் எரர் -2" என்று வந்தால், -2 என்பது கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் அதைப் பார்த்தவுடன் பதறவும் வேண்டாம். இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும், கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் -2 என்று ஒரு வரி எழுதிவைக்கும், கடைசியில் ஒன்று கிடைத்ததும் "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" என்று சொல்லும். அந்தக் கடைசி வரி இருந்தால் மேலே உள்ள சிவப்பு வரிகளைக் கண்டுகொள்ள வேண்டாம். அந்த வரி இல்லாமல் வெறும் -2 மட்டுமே இருந்தால் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட வேண்டும்: உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர், டெபியனில் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்று தனித்தனியாக. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே இவற்றைச் சேர்த்துத் தருகிறது, அதற்கு முன் இது பெரிய தொல்லையாக இருந்தது.

லேப்டாப் புதிது, கெர்னல் பழையது என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். இன்டெல் ஏஎக்ஸ்210க்குக் குறைந்தது 5.10 கெர்னல் வேண்டும், மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, ஆர்டிடபிள்யூ89 டிரைவரே 5.16இல்தான் வந்தது. ரியல்டெக்கின் பல யுஎஸ்பி டாங்கிள்களுக்கு 6.2 முதல் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது, ஆகவே முன்பு எங்கிருந்தோ இறக்கி கம்பைல் செய்த டிரைவரை வைத்திருப்பவர்கள் இப்போது அதை நீக்கிவிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே சாதனத்துக்குப் போட்டிபோட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

ரேடியோ அடைப்பு சின்ன விஷயம், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கொடுங்கள். சாஃப்ட் பிளாக்ட் யெஸ் என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று கொடுத்தால் திறந்துவிடும். ஹார்ட் பிளாக்ட் யெஸ் என்றால் சாஃப்ட்வேரால் திறக்க முடியாது, பக்கவாட்டு ஸ்விட்ச் அல்லது எஃப்என் கீயோடு சேர்ந்த ஏரோபிளேன் பட்டன்.

அதன் பிறகு நெட்வொர்க்மேனேஜர், இணைப்புகளைக் கவனிக்கிற நிரல். என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று கொடுத்தால் டபிள்யூஎல் என்று தொடங்குகிற ஒரு பெயர் வரும், அதன் நிலையைப் பாருங்கள். அன்அவெய்லபிள் என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் சரியாகவில்லை, அல்லது பாஸ்வேர்டு வேலையைக் கவனிக்கிற டபிள்யூபிஏ சப்ளிகன்ட் ஓடவில்லை. அன்மேனேஜ்ட் என்றால் வேறு ஏதோ ஒரு நிரல் இந்தக் கார்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கி நிற்கிறது. டெபியனில் இன்ஸ்டால் செய்யும்போது வைஃபை கொடுத்திருந்தால் ஈடிசி ஃபோல்டரில் நெட்வொர்க் என்பதற்குள் இருக்கிற இன்டர்ஃபேசஸ் கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும், அந்த வரிகளை நீக்கினால் போதும். டபிள்யூபிஏ சப்ளிகன்டையும் அதே வேலையைச் செய்கிற ஐடபிள்யூடியையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டவர்களுக்கும் இதே மாதிரி இழுபறி வரும், ஒன்றை நிறுத்துங்கள்.

மற்ற நெட்வொர்க் எல்லாம் தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் சேனல்தான் சந்தேகம். நாட்டுக் குறியீடு 00 என்று இருந்தால் (ஐடபிள்யூ ரெக் கெட் என்று கொடுத்தால் தெரியும்) 12, 13 போன்ற சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் கார்டு தானாகக் குரல் கொடுத்துத் தேடாது, காது மட்டும் கொடுக்கும். ரவுட்டரில் ஆட்டோ என்று விடாமல் 2.4இல் 1, 6, 11இல் ஒன்றும், 5இல் 36லிருந்து 48க்குள் ஒன்றும் வைத்துப் பாருங்கள். 52க்கு மேல் உள்ள சேனல்களில் பல ராடாரோடு பகிர்ந்துகொள்பவை, ராடார் சிக்னல் மாதிரி ஏதாவது பட்டால் ரவுட்டர் சட்டென்று சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி, அந்த நொடியில் உங்கள் இணைப்பு அறுந்துபோகும்.

பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்கிறது என்றால் லாகில் ரீசன்=15 இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் பாஸ்வேர்டு தவறு. சேமித்துவைத்த இணைப்பை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், திருத்துவதைவிட அது உறுதி. பாஸ்வேர்டு சரிதான் என்றால் ரவுட்டர் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பாதுகாப்பு முறைகளும் கலந்த நிலையில் இருக்கலாம், சோதனைக்காக டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பாருங்கள். சில டாங்கிள்களுக்கு இன்னொரு தகராறு, நெட்வொர்க்மேனேஜர் தேடும்போது மேக் முகவரியை (கார்டின் தனி அடையாள எண்) மாற்றி மாற்றிக் காட்டுவது பிடிக்காது, வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ் என்பதை நோ என்று வைத்தால் அடங்கிவிடும்.

இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இது வைஃபை கோளாறே இல்லை, ஆனால் எல்லோரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள். ஐபி ஏடிடிஆர் கொடுத்துப் பாருங்கள். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து ஐபி வரவில்லை. ஐபி சரியாக இருந்தால் மூன்று பிங், இதே வரிசையில்: ரவுட்டரின் முகவரி, அப்புறம் 1.1.1.1 (வெளி இணையத்தில் இருக்கிற ஒரு முகவரி), அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். முதலாவதே போகவில்லை என்றால் கார்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் தகராறு. இரண்டாவதில் நின்றால் பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே, லினக்ஸைத் தொட வேண்டாம். மூன்றாவதில் மட்டும் நின்றால் டிஎன்எஸ், அதிலும் அணைத்த பிறகும் ஒரு விபிஎன் விட்டுவிட்டுப்போன செட்டிங் என்பதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கொடுத்தால் எந்த சர்வரைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்களுடைய முக்கியமான புகார், அறுந்துபோவது. முதல் சந்தேகம் பவர் சேவிங். பேட்டரியை மிச்சப்படுத்தக் கார்டு அவ்வப்போது கண்ணை மூடிக்கொள்ளும், எல்லா ஃபர்ம்வேரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. ஐடபிள்யூ டெவ், உங்கள் கார்டின் பெயர், கெட் பவர்_சேவ் என்று கேளுங்கள், ஆன் என்று சொன்னால் கெட் இருக்கிற இடத்தில் செட் போட்டுக் கடைசியில் ஆஃப் சேர்த்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். பலன் இருந்தால் நிரந்தரமாக்கலாம்: ஈடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற ஃபோல்டரில் உபுண்டு ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கும், அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருக்கும், 3 என்றால் ஆன், அதை 2 என்று மாற்றினால் ஆஃப், பிறகு நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரியல்டெக் கார்டுகளில் இது போதாமல் போகலாம், ஏனென்றால் அங்கே கார்டு செருகியிருக்கிற பிசிஐ பாதையே தூங்கப் போகிறது; ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிரைவருக்கு டிசேபிள்_ஏஎஸ்பிஎம் என்ற ஆப்ஷன் இருப்பது அதற்காகத்தான். ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு மட்டும் வைஃபை காணாமல் போகிறது என்றால் மோட்புரோப் -ஆர் கொண்டு டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றிப் பாருங்கள். இன்டெலில் முதலில் ஐடபிள்யூஎல்எம்விஎம், அதன் பிறகுதான் ஐடபிள்யூஎல்வைஃபை, இல்லாவிட்டால் இறங்க மறுக்கும்.

சிக்னலையும் ஒரு தடவை எண்ணாகப் பாருங்கள், கோடுகளை நம்பாதீர்கள். ஐடபிள்யூ டெவ் பெயர் லிங்க் என்று கொடுத்தால் டிபிஎம் என்ற சிக்னல் அளவில் வரும்: -50 அருமை, -67 வரை வேலைக்கு ஆகும், -80 என்றால் எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது. லேப்டாப்பில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகும்போதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் தள்ளாடுகிறதா? அது பிரமை இல்லை, யுஎஸ்பி 3 அந்த அலைவரிசையில் இரைச்சல் போடும் என்று இன்டெலே 2012இல் ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. புளூடூத்தும் அதே 2.4இல்தான், பெரும்பாலும் அதே சிப்பில், அதே ஆன்டெனாவில். இரண்டுக்கும் ஒரே மருந்து, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுவது.

அறுந்த நொடியில் லாக் என்ன சொல்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட மதிப்பு மிக்கது. ஒரு டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் -எஃப் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அறுந்ததும் அங்கே வாருங்கள். "லோக்கலி ஜெனரேட்டட்" என்று இருந்தால் விலகியது உங்கள் லேப்டாப், ரவுட்டர் துரத்தவில்லை. "மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட்" என்று இருந்தால் இன்டெல் ஃபர்ம்வேர் உள்ளுக்குள் விழுந்து எழுகிறது, அதற்கு நீங்கள் செட்டிங்கில் செய்யக்கூடியது குறைவு. கெர்னலையோ ஃபர்ம்வேரையோ முன்னே பின்னே மாற்றுவதுதான் வழி.

எல்லாம் பார்த்த பிறகு, உங்கள் விஷயத்தில் என் கணிப்பைச் சொல்கிறேன். அப்டேட்டுக்கு முன் ஒழுங்காக இருந்தது என்பதால் முதலில் பழைய கெர்னலில் ஓட்டிப் பாருங்கள். பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தினால் கிரப் மெனு (எந்தக் கெர்னலில் பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கிற பட்டியல்) வரும், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே முந்தைய கெர்னல் இருக்கும். அதில் இரண்டு மூன்று நாள் தொல்லை இல்லாமல் ஓடினால் புதிய கெர்னலின் டிரைவர்தான் குற்றவாளி, அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. அதிலும் அறுந்தால் பவர் சேவிங். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், செய்ததை எங்காவது எழுதிவைத்து, பலன் இல்லாவிட்டால் திருப்பி எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஐடபிள்யூகான்ஃபிக், என்டிஸ்ராப்பர் என்ற பழைய கருவிகளோடு ஆரம்பிக்கிற குறிப்பு எதைப் பார்த்தாலும் தாண்டிப் போய்விடுங்கள், அவை வேறொரு காலத்துக்கானவை.

கார்டையே மாற்றலாம் என்ற எண்ணம் வந்தால், எம்.2 கார்டு (போர்டில் செருகுகிற சின்ன வகை) என்றால் இரண்டு ஆன்டெனா ஒயரும் ஒரு திருகும்தான் வேலை. ஆனால் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவற்றை வாங்கிவிடாதீர்கள், அவற்றின் பாதி வேலை இன்டெல் பிராசஸர் பக்கத்தில் நடக்கிறது, அதற்கு ஏற்ற போர்டு இல்லாத லேப்டாப்பில் அவை ஓடாது. ஏஎக்ஸ்210 தனியாக நிற்கக்கூடியது. சில லேப்டாப்களின் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டை மட்டுமே ஏற்கும், அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் எனக்கு மூன்று விஷயம் வேண்டும்: எல்எஸ்பிசிஐ -என்என்கே காட்டுகிற நெட்வொர்க் பகுதி, யுநேம் -ஆர் சொல்கிற கெர்னல் எண், அறுந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள லாக் வரிகள். மேக் முகவரியையும் நெட்வொர்க் பெயரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், அந்த லாக் வரிகளை மட்டும் நடுவில் வெட்டிச் சுருக்காமல் முழுதாக.